பழகிய நாய் திடீரென்று பாய்ந்தால்: கையிலுள்ள வழிகளும் அவற்றின் வரிசையும்

நான்கைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்த நாய், ஒரு நாள் எந்தக் காரணமும் புலப்படாமல் வீட்டாரில் ஒருவரைப் பார்த்து உறுமினாலோ, கையில் பல் பதித்துவிட்டாலோ, அன்று மாலைக்குள் அந்த வீட்டில் ஐந்தாறு யோசனைகள் வந்து குவிந்துவிடுகின்றன. சங்கிலியில் கட்டிப்போட்டால் அடங்கிவிடும் என்பார் ஒருவர். நாலு அடி கொடுத்தால் சரியாகும் என்பார் மற்றொருவர். காயடித்துவிடச் சொல்பவரும், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் யாருடைய ரப்பர் தோட்டத்துக்காவது கொடுத்துவிடச் சொல்பவரும், ஊசி போட்டு முடித்துவிடுவதே நல்லது என்று தாழ்ந்த குரலில் சொல்பவரும் இருப்பார்கள். இந்த யோசனைகளை எல்லாம் ஒரே தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்க முடியாது. இவற்றுள் சில, பயன் தராவிட்டால் மறுநாளே கைவிடக்கூடியவை. சில, செய்த பின் மீட்டெடுக்க முடியாதவை. சில காரணத்தைத் தேடிப் போகின்றன. சில காரணத்தை மூடி மறைத்துவிடுகின்றன. ஆகவே எது சிறந்த வழி என்று கேட்பதற்கு முன் எதை முதலில் செய்வது என்று கேட்க வேண்டும் என்பதும், அந்த வரிசையில் முதலிடம் கால்நடை மருத்துவரின் மேசைக்கே உரியது என்பதும் என் உறுதியான கருத்து.

பல் பட்டுவிட்டதென்றால் நாயைப் பற்றிய முடிவுகள் எல்லாம் இரண்டாவதாகிவிடும். காயத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளில் வெறிநோய் எனப்படும் ரேபிஸுக்கான தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் எனும் ஆயத்த எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும் என்பதால், ஆழமான கடிக்கு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு நேரே போவது நல்லது. தோலுக்குள் போடப்படும் ஊசிகள் கடிபட்ட நாளிலும், பின்னர் 3, 7, 28 ஆகிய நாட்களிலும் போடப்படுகின்றன. மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பும் பழக்கம் இன்னும் நம்மிடையே முற்றிலும் ஒழியவில்லை. அது காயத்தைக் கெடுப்பதோடு கழுவ வேண்டிய நேரத்தையும் தின்றுவிடுகிறது. நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்பதற்காக மனிதருக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

கடித்த நாயைப் பத்து நாட்கள் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்ற விதிக்கும் காரணம் உண்டு. வெறிநோய்க் கிருமி எச்சிலில் வெளிப்படும் கட்டத்தை அடைந்த நாய், பெரும்பாலும் அந்த நாட்களுக்குள் தெளிவான நோய்க்குறிகளைக் காட்டும் அல்லது இறந்துவிடும். குரல் மாறுவது, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுவது, தாடை தொங்குவது, பின்னங்கால்கள் தள்ளாடுவது, இல்லாத ஒன்றைக் கவ்வுவதுபோல் காற்றைக் கடிப்பது ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் யாரும் அருகில் போகக் கூடாது. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதா என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. கால்நடை மருத்துவரை வரவழைப்பது ஒன்றே அப்போது செய்யத் தக்கது.

வெறிநோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஒப்பீடு தொடங்குகிறது. நாய் திடீரென்று மாறிவிட்டது என்று நாம் சொல்வதில் பாதி, நாம் கவனிக்கத் தவறிய நாட்களைக் குறிக்கிறது. நாய் கடிப்பதற்கு நெடுநேரம் முன்பே, சில சமயம் பல வாரங்களுக்கு முன்பே, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில்லாத நேரத்தில் உதட்டை நக்கும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். உடம்பை விறைத்து அசையாமல் நிற்கும். இவற்றுக்கெல்லாம் பிறகு வருவதுதான் உறுமல். இந்த வரிசை முழுதும் நடந்து முடிந்த பின் விழும் கடிக்கும், இவை எதுவும் இல்லாமல், தூங்கி எழுந்த நொடியிலோ வெறிச்சோடிய பார்வையோடோ விழும் கடிக்கும் வேறுபாடு உண்டு. பின்னது வலி, பார்வைக் குறைவு, வலிப்பு, மூளை நோய் ஆகியவற்றின் பக்கம் சந்தேகத்தைத் திருப்புகிறது. ஆகவே எந்த வழியைத் தேர்வதாக இருந்தாலும், கடந்த ஒரு மாதத்தில் நாய் எப்போது, எங்கே, யார் எதைச் செய்தபோது முகம் மாறியது என்பதை வீட்டில் எல்லோரிடமும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைப்பது பெரிதும் உதவும்.

பெரும்பாலான வீடுகள் முதலில் கைவைப்பது சங்கிலியில்தான். செலவில்லை, உடனே பாதுகாப்புக் கிடைத்ததுபோல் தோன்றுகிறது. ஓரிரு நாள், குழந்தைகளை விலக்கி வைப்பதற்காக நாயைத் தனி அறையிலோ கதவுள்ள வராந்தாவிலோ வைப்பதை நானும் பரிந்துரைப்பேன். ஆனால் சங்கிலியே நிரந்தர ஏற்பாடாகிவிட்ட விளைகள் எனப்படும் தோட்டங்களில் பலா மரத்தடியைப் பார்த்தால் விளங்கும்: சங்கிலியின் நீளத்துக்குச் சரியாகப் புல் பூண்டில்லாமல் தேய்ந்து, மழையில் சேறாகவும் வெயிலில் புழுதியாகவும் கிடக்கும் ஒரு வட்டம், அதன் விளிம்பில் கழுத்து இறுக நின்று குரைக்கும் நாய், விளிம்புக்கு அப்பால் கவிழ்ந்து கிடக்கும் தண்ணீர்ச் சட்டி. விலகிப் போக வழியற்ற நாய்க்கு, அஞ்சும்போது எதிர்ப்பது ஒன்றே எஞ்சுகிறது. எனவே சங்கிலி, தான் தடுக்க வந்த குணத்தையே வளர்த்துவிடுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், நியாயமற்ற குட்டைச் சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டிக் கிடக்கும் நாயை நடத்திச் செல்லாமல் இருப்பதையும் கொடுமைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிராக நிற்பது மருத்துவப் பரிசோதனை. நாய் கடிக்கிறது என்றால் அது குணக்கேடு, அதற்கு மருத்துவர் எதற்கு என்ற எண்ணத்தால் இந்த வழி பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. தக்கலைப் பக்கத்தில் ஒரு வீட்டில் நான் பார்த்த லேப்ரடார், தலையைத் தடவப் போன பேத்தியின் கையைக் கவ்வி விட்டிருந்தது, தோல் கிழியவில்லை. “மக்களே, பக்கத்துல போவாண்டாம்” என்று பாட்டி அந்தக் குழந்தையைத் தன் புடவைக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். மருத்துவர் நாய்க்கு வாய்க்கூடு மாட்டி, தொங்கிக் கிடந்த இடது காதை மடக்கி உயர்த்தியபோது, காப்பித்தூளைக் குழைத்தது போன்ற பழுப்பு அழுக்கும் அதனோடு ஒரு புளித்த வாடையும் வெளிப்பட்டன. காதின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தியதும் அந்தப் பெரிய உடம்பு முழுதும் துடித்து விலகியது. தலையை நோக்கி நீண்ட ஒவ்வொரு கையும் அதற்கு வலியின் முன்னறிவிப்பாக இருந்திருக்கிறது. காது ஆறத் தொடங்கிய பிறகும், கை தலைக்கு மேல் வருவதை அது மீண்டும் நம்பச் சில வாரங்கள் பிடித்தன.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் நம் மாவட்டத்தின் ஈரக்காற்றில் காதுப் பூஞ்சை எளிதில் வேர்விடுகிறது, உண்ணிகளும் அவ்வாறே. உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபேசியா போன்ற காய்ச்சல்கள் மூட்டுவலியையும் சோர்வையும் கொண்டுவருவதால், தூக்கப் போனாலோ எழுப்பினாலோ நாய் சிடுசிடுக்கும். ஈறு வெளுத்திருப்பது, மூக்கிலிருந்து ரத்தம் கசிவது, உணவை ஒதுக்குவது ஆகியவை உடனிருந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை முடிவு செய்ய முடியாது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் கோளாறும், எல்லா இனங்களிலும் பல் சொத்தையும் உடைந்த பல்லும் இவ்வாறே ஒளிந்திருக்கும். வயது முதிர்ந்த நாய் கதவின் தவறான பக்கத்தில் போய் நிற்பது, இரவெல்லாம் நடப்பது, வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது என்று மாறியிருந்தால் மூளைத் தளர்ச்சியையும் கண் மங்கியிருப்பதையும் நினைக்க வேண்டும். தோல் அரிப்புக்குக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் பசியைக் கூட்டிச் சில நாய்களை உணவுத் தட்டருகே யாரையும் விடாதவையாக்கும். ஆகவே அண்மையில் கொடுத்த மருந்துகளின் சீட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

வலி என்று சந்தேகித்து மனிதருக்கான மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கடுமையாகத் தாக்கக்கூடியவை. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் முதற்கட்டப் பரிசோதனையை முடித்துவிட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் போன்றவை தேவைப்பட்டால் திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, மேற்குப் பகுதியில் இருப்பவர்கள் திருவனந்தபுரத்துக்கோ போகலாம். ஒரு பகல் செலவாகும். அடுத்து வரும் எல்லா வழிகளுக்கும் அந்தப் பகலே அடித்தளமாகிறது. முதுகுவலியுள்ள நாய்க்குப் பயிற்சியாளரை அமர்த்தினால், அவருடைய திறமையும் நம் பணமும் வீண்.

உடலில் குறையேதும் இல்லை என்று தெரிந்தால் அடுத்து வருவது பயிற்சி. இங்கே இரண்டு மரபுகளுக்கிடையே தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று, நாய்க்கு யார் தலைவன் என்று காட்டும் முறை: கழுத்துப் பட்டையைச் சுண்டுவது, மல்லாக்கப் போட்டு அழுத்துவது, உறுமினால் அடிப்பது. இதன் வேர், 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களிடையே கண்ட சண்டைகளைப் பற்றி எழுதியதில் இருக்கிறது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே என்று, முன்பு தலைமைச் சண்டை என்ற கருத்தைத் தம் நூலில் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999இல் விளக்கி, அந்தக் கருத்தை அவரே விலக்கினார். அறிவியல் கைவிட்ட பின்னும் அந்த முறை நம் ஊர்களில் வாழ்கிறது; காரணம், அது பார்வைக்கு உடனே பலன் தருகிறது. அடிபட்ட நாய் உறுமுவதை நிறுத்திவிடுகிறது. அச்சமோ எரிச்சலோ அப்படியே இருக்க, எச்சரிக்கை மட்டும் மறைந்துபோவதால், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதைவிடக் கெட்ட விளைவு இல்லை என்பதால், இந்த முறையை எந்த நிலையிலும் நான் ஏற்க மாட்டேன்.

மற்றொன்று மெதுவானது. நாயைத் தூண்டிவிடும் பொருளையோ ஆளையோ, அது கலங்காத தொலைவில் காட்டி, அந்தக் காட்சியை நல்ல தீனியோடு இணைப்பதே அதன் சாரம். மீன் வண்டியின் ஹாரன் கேட்டதும் வாசலுக்குப் பாய்ந்து, தடுக்க வந்த வீட்டுக்காரரின் காலையே கவ்வும் நாயை எடுத்துக்கொள்வோம். அதை வார் மாட்டி வீட்டின் பின்புறம், ஹாரன் மெலிதாக மட்டும் கேட்கும் இடத்தில் நிறுத்தி, ஒலி கேட்ட உடனே எலும்பில்லாத வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஒலி நின்றதும் தீனியும் நிற்க வேண்டும். நாய் ஒலி கேட்டதும் வாசலைப் பார்க்காமல் நம் கையைப் பார்க்கத் தொடங்கிய பிறகே நாலு அடி முன்னே நகர வேண்டும். தீனியை வாங்க மறுத்தாலோ உடம்பு விறைத்தாலோ, அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள், பின்வாங்க வேண்டும். உணவுத் தட்டைக் காக்கும் நாயிடமிருந்து தட்டைப் பிடுங்கிப் பழக்குவதும் தவறே. தொலைவிலிருந்து அதைவிடச் சுவையான துண்டை வீசி, ஆள் வருவது இழப்பல்ல, வரவு என்று கற்பிக்க வேண்டும். இதற்கு மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைக் கடைப்பிடிக்கவும் வேண்டும். ஒருவர் தீனி கொடுக்க, மற்றொருவர் பிரம்பை எடுக்கும் வீட்டில் இது நடக்காது.

பயிற்சிக் காலத்தில் மஸில் எனப்படும் வாய்க்கூடு பெரிய துணை. நாய் வாய் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமளிக்கும் கூடை வகையே வேண்டும். வாயை இறுக்கி மூடும் துணி வகை, நம் வெயிலில், மருத்துவமனையில் இருக்கும் சில நிமிடங்களுக்கு மேல் ஆகாது. நான் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் அவரிடம் கேட்கும் முதல் கேள்வி, நாய் உறுமினால் என்ன செய்வீர்கள் என்பதுதான். தொலைவைக் கூட்டுவேன் என்பவரை அமர்த்தலாம்.

காயடிப்பதைப் பற்றிய நம்பிக்கை அளவுக்கு மீறியது. ஆண் நாய் பெட்டையைத் தேடி அலைவதும், கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பதும், மற்ற ஆண் நாய்களோடு மோதுவதும் அதனால் குறையலாம். மனிதரிடம் காட்டும் மூர்க்கம் குறையும் என்பதற்கு உறுதியில்லை. அச்சத்தால் கடிக்கும் நாய் சில சமயம் இன்னும் கலங்கக்கூடும். பெட்டை நாயில் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும்: சூடு எனப்படும் இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும் பொய்ச்சினையின்போது அது செருப்பையோ பொம்மையையோ குட்டியாக எண்ணிக் காத்துப் பாயும். சில வாரங்களில் தானே தணியும் இந்த நிலையின் நடுவில் அறுவைச் சிகிச்சை செய்தால் அந்தக் குணம் நீடிக்கவும் கூடும் என்பதால், அது தணிந்த பின் செய்வதே முறை. இனப்பெருக்கத்தைத் தடுக்கவும் கருப்பை நோய்களைத் தவிர்க்கவும் இந்த அறுவைச் சிகிச்சை நல்லது. கடிக்கு மருந்தாக எண்ணி மட்டும் செய்யத் தக்கதல்ல.

மனநிலையைச் சமன்படுத்தும் மாத்திரைகளைப் பற்றி, நாயை மயக்கத்தில் வைத்திருக்கும் தந்திரம் என்ற தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஃப்ளூவோக்செட்டின் போன்ற மருந்து முழுப் பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்; அது நாயைத் தூங்க வைப்பதில்லை, கற்கும் நிலைக்கு அதன் கலக்கத்தைத் தணிக்கிறது. தீபாவளி, கிறிஸ்துமஸ், கோயில் கொடை என்று வெடிச்சத்தம் தொடரும் மாதங்களில் நடுங்கி ஒடுங்கி, தொட வருபவரைக் கடிக்கும் நாய்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் பயிற்சியோடு சேர்ந்தால் மட்டுமே இதில் பொருளுண்டு. மருத்துவர் சொல்லாமல் தொடங்கவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது.

இனி, நாயை வீட்டை விட்டு அனுப்பும் வழிகள். மலையோரத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவது இரக்கமான முடிவு போலத் தோன்றுகிறது. அங்கே விடிவதற்கு முன் தலைவிளக்கோடு ரப்பர் பால் வெட்ட வருபவர்களை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை; இருட்டில், கையில் கத்தியோடு, மரத்துக்கு மரம் குனிந்து நகரும் அந்நியரைக் கண்டு, ஏற்கெனவே கடித்துப் பழகிய நாய் என்ன செய்யும்? கடித்த வரலாற்றை முழுதும் சொல்லி, குழந்தைகள் இல்லாத, நாய்களை அறிந்த ஒருவர் மனமார ஏற்றுக்கொண்டால் கொடுக்கலாம்; குறிப்பாக, ஒரே ஒரு குழந்தையின் ஓட்டத்தையும் கூச்சலையும் மட்டும் தாங்க முடியாத நாய்க்கு அது உண்மையிலேயே புதுவாழ்வாக அமையும். வரலாற்றை மறைத்துக் கொடுப்பது, நம் வீட்டுக் காயத்தை இன்னொருவர் வீட்டுக்கு அனுப்புவதாகும். ஆரல்வாய்மொழி நெடுஞ்சாலையோரத்திலோ சந்தைப் பக்கத்திலோ இறக்கிவிட்டு வருவது குற்றமே. முன்பு சொன்ன 1960ஆம் ஆண்டுச் சட்டம் தகுந்த காரணமின்றி விலங்கைக் கைவிடுவதையும் கொடுமையாகவே கருதுகிறது. வளர்ப்பு விலங்கால் பிறருக்குத் தீங்கு நேராமல் காக்கத் தவறுவதும் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது.

கருணைக்கொலையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அதைப் பேசவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குணமாகாத மூளை நோயோ தீராத வலியோ உள்ள நாய்க்கும், எச்சரிக்கையின்றி ஆழமாகக் கடித்து, மீண்டும் மீண்டும் அதையே செய்யும் பெரிய உருவ நாய்க்கும், கைக்குழந்தையோ படுக்கையிலுள்ள முதியவரோ இருக்கும் வீட்டில், மேற்சொன்ன எல்லாவற்றையும் நேர்மையாக முயன்ற பிறகு, அது ஒரு பொறுப்பான முடிவாக இருக்க முடியும். கடியின் ஆழத்தையும் இங்கே எடைபோட வேண்டும்: தோலில் பல் தடம் மட்டும் பதித்து விட்டுவிட்ட நாய் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது என்று பொருள், கவ்வி உலுக்கிய நாய் அவ்வாறு அல்ல. முன்னதற்குக் குறைந்தது மூன்று மாதப் பயிற்சியாவது கொடுத்துப் பார்க்காமல் இந்த முடிவுக்கு வருவதை நான் ஏற்கவில்லை. செய்வதென்றால் கால்நடை மருத்துவர் முதலில் மயக்க மருந்து கொடுத்த பின்பே, வலியின்றிச் செய்ய வேண்டும். விஷம் வைப்பதும் அடித்துக் கொல்வதும் குற்றம். கடித்து பத்து நாட்கள் முடிவதற்கு முன்பு, கோபத்திலோ துயரத்திலோ அவசரப்பட்டு இதைச் செய்துவிட்டால், கடிபட்டவருக்கு வெறிநோய் ஆபத்து உண்டா என்பதைக் காட்டும் கண்காணிப்பு பாதியில் அறுந்துபோகும்; கட்டாயம் செய்யவேண்டிய நிலை வந்தாலோ, அந்த நாட்களுக்குள் நாய் தானே இறந்தாலோ, உடலைப் புதைப்பதற்கு முன் மருத்துவரிடம் தெரிவித்து மூளை மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்க வேண்டும்; முடிவு வரும்வரை கடிபட்டவர் தமக்குரிய அடுத்த ஊசியைத் தவறவிடக் கூடாது.